மென்பொருளுக்கு அனுமதி கேட்ட வருடம்

அன்று தொழில்நுட்ப அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் பாடசாலை அதிபர் தவராசா சேர். தொழில்நுட்பவியல் படிப்பிக்கும் கோமதி டீச்சர். வலயக் கல்வி அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த உதவிக் கல்விப் பணிப்பாளர் நௌபர் சேர். அவரோடு வந்த எழுதுவினைஞர் ராஜன். உயர்தர வகுப்பு மாணவி சுகிர்தாவும் அவளோடு படித்த பத்துப் பிள்ளைகளும். பிறகு, அறையின் உதவியாளனாகிய நான், கதவடியில். வேறு ஒருவரும் இல்லை. நானும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லது என்று அன்றைக்குப் பல தடவை நினைத்தேன்.

ராஜன் கையில் ஒரு அளவுநாடா வைத்திருந்தார். எங்கள் லேசர் இயந்திரத்தை லொறியில் ஏற்றுவதானால் கதவால் வெளியே எடுக்க முடியுமா என்று அளந்துபார்க்கத்தான் அது.

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர்கள், அந்த இயந்திரத்தின் மென்பொருளுக்கு அனுமதி எடுத்த கதையையே எழுதச் சொன்னார்கள். இப்போது இப்படியான விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்பிவிடலாமாம். அலுவலர் யாரும் வந்து பார்ப்பதில்லையாம். என் இடத்துக்கு வந்திருக்கிற தங்கச்சி சந்தோசமாகச் சொன்னாள். எனக்கும் சந்தோசம்தான். ஆனாலும் அன்று ஆட்கள் நேரில் வந்ததால் நடந்தவற்றை நினைத்தால், வந்ததே நல்லது என்று தோன்றுகிறது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சூறாவளி ஒரே இரவில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையையும் அப்பாவின் தோணியையும் கொண்டுபோனது. கூரையைப் பிறகு போட்டுவிட்டார்கள். தோணி வரவில்லை. தச்சுப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கிருந்து பாடசாலைச் சிற்றூழியன், பிறகு விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளன், கடைசி வருடங்களில் இந்தத் தொழில்நுட்ப அறை. லேசர் இயந்திரத்துக்கு நான் பெற்ற பயிற்சி, கொழும்பிலிருந்து அதைப் பொருத்த வந்த தம்பி இரண்டு நாளாகச் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து சொன்னதுதான். எனக்கு விளங்கியது மூன்று: தண்ணீர் ஓடாமல் குழாயை எரியவிடக் கூடாது, மூடியைத் திறந்துவைத்து வெட்டக் கூடாது, வெட்டும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் போதும், ஒரு மனிதனின் நித்திரையைக் கெடுக்க.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. வீடு குருக்கள்மடத்தில், பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். பின்னேரம் பாதையில் ஏறிய பிறகு, பிளக்கைக் கழற்றினேனா இல்லையா என்ற எண்ணம் வரும். வந்தால் இறங்காமல் இருக்க என்னால் முடியாது. பாதைக்காரப் பெடியன் மற்றவர்களுக்குச் சொல்லுவான்: "சிவலிங்கண்ணன் ஏறியாச்சு. கொஞ்சம் பொறுங்க, இப்ப இறங்குவார்." அவன் சொல்லி வாய் மூடுமுன் நான் இறங்கியிருப்பேன்.

இப்படிப்பட்ட ஒருவனின் பொறுப்பில் ஒரு லேசர் இயந்திரத்தைக் கொடுத்தால் எப்படியிருக்கும்?

சுவிஸில் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து அதை வாங்கி அனுப்பியிருந்தார்கள். பார்வைக்கு ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். அதில் பிறக்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது மூன்று சின்ன ஆடிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுத் திரும்பி, ஓடித் திரிகிற ஒரு தலைக்குள் போய், அங்குள்ள வில்லையால் கூராகிப் பலகையில் விழும். விழுந்த இடம் வெட்டுப்படும். தலை எங்கே ஓட வேண்டும், ஒளி எவ்வளவு பலமாக வர வேண்டும் என்று சொல்வதுதான் கணினியில் இருக்கிற மென்பொருள். அது இல்லாவிட்டால் இயந்திரம் வெறும் பெட்டி.

இயந்திரத்தோடு ஒரு பென்டிரைவும் வந்தது. அதில் இருந்த மென்பொருளைக் கோமதி டீச்சர் தன் மடிக்கணினியில் ஏற்றி, திறப்புவிழாவன்று பாடசாலை இலச்சினையை வெட்டிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தீப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததால் கைதட்டவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. வகுப்பறைக் கணினிகள் அரசாங்கம் தந்தவை. வலயத்தின் கடவுச்சொல் இல்லாமல் அவற்றில் எதையும் ஏற்ற முடியாது. ஆகவே டீச்சர் அனுமதி கேட்டு எழுதினார். அதிபரின் ஒப்பத்தோடு போன கடிதம் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மென்பொருளின் பெயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: "இது யாருடையது?"

டீச்சர் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பென்டிரைவில் வந்தது களவாகப் பிரதியெடுத்த மென்பொருள். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. எல்லா இடத்திலும் அதைத்தானே பாவிக்கிறார்கள் என்று விட்டிருந்தார். அன்றே மடிக்கணினியிலிருந்து அதை அழித்தார். இயந்திரம் பேச்சை நிறுத்தியது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கடிதம். பாவனையில் இல்லாத உபகரணங்களை ஆண்டு முடிவுக்குள் பாவிக்கக்கூடிய பாடசாலைகளுக்கு மாற்றப்போகிறார்களாம். எங்கள் லேசர் இயந்திரத்தின் பெயருக்கு நேரே நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் பெயர் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தக் கடிதத்தைக் கேட்டதும் என் நெஞ்சு லேசானது. போகட்டும், நிம்மதி. வீட்டிலும் சொன்னேன். மனைவி சோறு போட்டுக்கொண்டே, "அது போனா நீங்க கவலப்பட வேற ஒண்டத் தேடுவீங்க. இதே இரிக்கட்டும்" என்றார்.

மறுநாள் அறையில் சுகிர்தாவும் மற்றப் பிள்ளைகளும் குளத்து மடைக் கதவைத் திறந்து மூடும் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பல்சக்கரங்கள் வேண்டும். தடித்த மட்டையில் பென்சிலால் கீறி, கத்தியால் வெட்டினார்கள். ஒரு பல் பெரிது, ஒரு பல் சிறிது. கைபிடியைச் சுற்றினால் நாலு பல்லுக்குள் இறுகி நின்றுவிடும். சுகிர்தாவின் பெருவிரலில் பிளாஸ்டர். அவள் இயந்திரத்தைப் பார்க்காமலே, "பக்கத்தில மெஷின வெச்சிக்கிட்டுக் கத்தியால வெட்டுறம் அண்ணன். நாங்க செஞ்ச பாவம் என்ன?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் தகப்பன் வட்டையில் கூலிக்கு வயல் செய்கிறவர். நகரத்துப் பாடசாலைக்கு இயந்திரம் போகலாம், இந்தப் பிள்ளைகள் போக முடியாது. அதற்குப் பிறகு நிம்மதி என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை.

டீச்சர் சுவிஸ் ஆட்களோடு பேசினார். அவர்கள் முறையான மென்பொருளுக்குப் பாடசாலையின் பெயரிலேயே உரிமம் வாங்கித் தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வலயத்தின் அனுமதி வந்தால்தான் வாங்குவோம் என்றார்கள். அதுவும் சரிதானே. அதுவரைக்கும் அதே மென்பொருளை முப்பது நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். திறந்த அன்றிலிருந்து நாள் ஓடத் தொடங்கும். டீச்சர் அதை மடிக்கணினியில் ஏற்றிவைத்துத் திறக்காமல் விட்டார். "அலுவலர் வாற அண்டைக்குத்தான் திறப்பன். ஒரு நாளையும் வீணாக்க ஏலா." அந்தச் சிக்கனம் எங்களை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது கடிதத்தை வலயத்துக்குக் கொண்டுபோனவன் நான். டீச்சருக்கு வகுப்பு, அதிபருக்குக் கூட்டம். அலுவலகத்தில் நௌபர் சேரை அன்றுதான் முதலில் கண்டேன். மெலிந்த மனிதர், ஓட்டமாவடிக்காரர். மேசையில் இருந்த கைபேசியை முகம் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். நான் கோப்பை நீட்டிவிட்டு வெளியே வரத் திரும்பினேன்.

"இரிங்க. நீங்க என்ன படிப்பிக்கிற?"

"நான் படிப்பிக்கல்ல சேர். அறை திறந்து மூடுற ஆள்."

"அப்ப உங்களிட்டத்தான் கேக்கோணும்." எழுந்து போய்ப் பக்கத்து மேசையிலிருந்து எனக்குக் கதிரை எடுத்து வந்து போட்டார். என் வாழ்க்கையில் ஒரு பணிப்பாளர் தூக்கி வந்த கதிரையில் நான் இருந்தது அன்று மட்டும்தான். நுனியில்தான் இருந்தேன்.

"ஒரு பிள்ள கணினியில பிழையாக் குடுத்திட்டு. மெஷின் பிழையா வெட்டுது. யார் நிப்பாட்டுற?"

"சிவப்புப் பட்டன் இரிக்கு சேர்."

"பட்டன் தானா அமத்தாதே. யார்?"

"நான் சேர்."

"நீங்க லீவு எண்டா?"

கதிரை நுனியிலிருந்து எழுந்துவிட்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், தெரியாது" என்றேன்.

"என்னத்துக்கு மன்னிப்பு? தெரியாதெண்டு சொன்ன ஆள் இந்தக் கிழமையில நீங்க ஒராள்தான்." கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். பிறகு இன்னும் இரண்டு கேள்வி எழுதினார். பிள்ளைகள் வரைவது எங்கே சேமிக்கப்படும், இணையத்துக்குப் போகுமா? உரிமம் முடிந்தால் அடுத்த வருடம் யார் பார்ப்பது? எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மையால எழுதினா மறுகா மாத்த வெக்கமா இரிக்கும். எனக்கும் வெக்கம், உங்களுக்கும் வெக்கம். எல்லாம் சரியான பிறகு மையால எழுதுவம்."

டீச்சரும் நானும் மூன்று பின்னேரம் இருந்து பதில் எழுதினோம். பயிற்சி பெற்ற எங்கள் இருவரில் ஒருவராவது இல்லாத நாளில் இயந்திரத்தின் பிளக் சுவரில் மாட்டப்படாது. வரைபடங்கள் அறையின் கணினியிலேயே இருக்கும். வெட்டுவதற்கு இணையம் தேவையில்லை. உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டாலும் வாங்கிய மென்பொருள் தொடர்ந்து வேலை செய்யும். கடிதம் போனது. ஒரு வகுப்பறைக்குரிய மென்பொருளை வகுப்பறையில் வைத்துத்தான் பார்ப்பேன், ஒரு மாணவர்தான் இயக்க வேண்டும் என்று நௌபர் சேர் பதில் அனுப்பினார். புத்தகங்களுக்கும் கருவிகளுக்கும் பூசை வைக்கிற வாணி விழா முடிந்த அடுத்த கிழமை வருவதாகவும் சொல்லியிருந்தார்.

வந்தார், ராஜனையும் அவருடைய அளவுநாடாவையும் கூட்டிக்கொண்டு. அனுமதி கிடைக்காவிட்டால் அன்றே மாற்றத்துக்கான வேலையைத் தொடங்கும்படி மேலே இருக்கிற வலயப் பணிப்பாளரின் உத்தரவாம்.

ராஜன் நல்ல பகிடிக்காரர். வந்ததும் கதவடியில் நின்ற என்னிடம், "அண்ணன், கொஞ்சம் தள்ளுங்க. உங்களையும் சேத்து அளந்தா லொறி காணாது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை. தவராசா சேரைத் தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல. காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கி வேலை செய்யாவிட்டால் ஒலிவாங்கிக்கே ஏசுகிற மனிதர். தன் பக்கம் பிழை என்று அவர் சொல்லி இந்தப் பாடசாலையில் ஒருவரும் கேட்டதில்லை.

தேநீர் கொண்டுபோனேன். நௌபர் சேர் மூடிவைக்கச் சொன்னார். "வேல முடியட்டும்." கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சுகிர்தா டீச்சரின் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். டீச்சர் மென்பொருளைத் திறந்தார். முப்பது நாளும் ஓடத் தொடங்கியது. நான் தண்ணீர்ப் பம்பைப் போட்டேன், புகைபோக்கி மின்விசிறியைப் போட்டேன், மூடியை மூடினேன். சுகிர்தா தான் வரைந்த பல்சக்கரத்தைத் திரையில் கொண்டுவந்தாள். பலகை என்ன தடிப்பு, ஒளி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அழகாகச் செய்தாள்.

தலை ஓடியது. பல்லுப் பல்லாக வளைந்து வட்டம் சுற்றி வந்து நின்றது. திரையில் வேலை முடிந்தது என்று காட்டியது. மூடியைத் திறந்தோம். பலகை வெட்டுப்படவில்லை. வெட்டுப்படாதது மட்டுமல்ல, ஒரு கீறல்கூட இல்லை.

டீச்சர் ஒளியைக் கூட்டி மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதே. பலகை கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

"நல்ல சொப்ட்வெயார்" என்றார் ராஜன். "பலகைக்கு நோகாம வெட்டுது." பிறகு குனிந்து இயந்திரத்தின் அகலத்தை அளந்தார். அந்த நாடா சர்ரென்று உள்ளே இழுபட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகிர்தா புதிய பிளாஸ்டர் ஒட்டிய விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

நௌபர் சேர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "கணினி முடிஞ்சிதெண்டு சொல்லுது. பலக இல்லெண்டு சொல்லுது. நான் எத நம்பி எழுதுற?" கோபம் இல்லாமல்தான் கேட்டார். அவர் ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்கிறவர். முதலில் சுகிர்தாவிடம்: "மகள், என்ன நடந்த?"

"தல சரியாத்தான் ஓடின சேர். நான் கீறின கோட்டிலதான் போன. ஒளிதான் வரல்ல."

பிறகு டீச்சரிடம் அதே கேள்வி. "மென்பொருள் சொன்னத மெஷின் கேட்டிரிக்கு சேர். ஒளி எங்கயோ தடபடுது."

இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சினார். "இங்க பக்கத்தில கோயில் இரிக்கா?"

"இல்ல சேர்" என்றான் ஒரு பையன். "பின்னால வாவி மட்டும்தான்."

"அப்ப இந்தச் சந்தன மணம் எங்கயிரிந்து வருது?"

எல்லோரும் மூச்சை இழுத்தோம். உண்மைதான். அறை முழுவதும் சந்தனம் கருகின மணம். புகைபோக்கி எவ்வளவு இழுத்தும் போகாமல் நின்றது. டீச்சர் ஓடிப்போய் இயந்திரத்தின் பின்மூடியைத் தூக்கினார். கண்ணாடிக் குழாய்க்கு நேரே இருக்கிற முதலாவது ஆடியின் நடுவில் ஒரு பெரிய பொட்டு. ஓரம் மஞ்சள், நடு கரி.

ராஜன் அளவுநாடாவை மேசையில் வைத்தார். "இந்த அறையத் துப்பரவு பண்ணுற ஆள் யார்?"

எல்லோருடைய முகமும் கதவடிக்குத் திரும்பியது. வாணி விழாவுக்கு அறையைக் கழுவியவன் நான், கோலம் போட்டவன் நான். பொட்டு வைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓய்வூதியத்துக்கு ஒரு வருடம்தான் இருந்தது. இயந்திரம் பழுதென்றால் அதன் விலையை எத்தனை வருடச் சம்பளத்தில் கட்டுவது? மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சிவலிங்கம், நீங்க கதைக்காதீங்க." அதிபர் கையை உயர்த்தினார். பிறகு நௌபர் சேருக்கு நேரே திரும்பி, காலைக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "அவரில்ல. நான்தான் வெச்ச. வாணி விழாவுக்கு எல்லா மெஷினுக்கும் நான்தான் பொட்டு வெச்ச. கடசல் மெஷினுக்கு முன்னுக்கு வெச்சன். துளையிடுறதுக்கு மோட்டரில வெச்சன். இதுக்கு எங்க வெக்கிறதெண்டு விளங்கல்ல. திறந்து பாத்தன். உள்ளுக்கு வட்டமா, மினுக்கமா, கண் மாதிரி ஒண்டு இரிந்த. அதில வெச்சன்."

பிள்ளைகள் அதிபரின் முகத்தைப் பார்ப்பதா நிலத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

நௌபர் சேர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "சேர், இதுக்குள்ள மூணு ஆடி இரிக்கே. மத்த ரெண்டுக்கும்?"

"கை எட்டல்ல" என்றார் அதிபர்.

முதலில் ராஜன்தான் வெடித்தார். பிறகு பிள்ளைகள். பிறகு டீச்சர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நௌபர் சேர், "அல்லாஹ் காப்பாத்தினான், எட்டியிரிந்தா மூணும் போயிரிக்கும்" என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இங்க வெக்கிறதக் கண்ணுக்கு வெச்சிட்டீங்க சேர்." அதிபரும் சிரித்தார். பல்லுத் தெரிய அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

நான் பிளக்கைக் கழற்றினேன். கழற்றிவிட்டேனா என்று மறுபடி பார்த்தேன். டீச்சர் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஆடியைத் துடைத்தார். கரி போனது. நடுவில் கடுகு அளவில் ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அதனால் ஒளி கொஞ்சம் குறையும், வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்ப்போம் என்றார். சுகிர்தா இலக்கத்தை மாற்றினாள். தலை இந்த முறை ஆறுதலாக ஓடியது. முதல் பல்லிலேயே பலகை கருகும் மணம் வந்தது. எனக்கு எந்த ஊதுபத்தியும் அப்படி மணத்ததில்லை. வட்டம் முடிந்ததும் பல்சக்கரம் தட்டில் டக்கென்று விழுந்தது. சுகிர்தா இன்னொன்று வெட்டி, இரண்டையும் ஆணியில் மாட்டி, விரலால் ஒன்றைத் தள்ளினாள். மற்றது சுற்றியது. எந்த இடத்திலும் நிற்கவில்லை. அதிபர் வாங்கிச் சுற்றினார், ராஜன் வாங்கிச் சுற்றினார், நௌபர் சேரும் சுற்றினார்.

ராஜன் நாடாவைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "லொறிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுற?" என்றார்.

"இன்னும் முடியல்ல" என்றார் நௌபர் சேர். இயந்திரத்தின் அடியில் இருந்த வாளியைக் காட்டினார். "அண்ணன், இது என்ன?"

அது நான் வைத்தது. வாளி நிறையத் தண்ணீரில் ஊறிய சாக்கு. தீப் பிடித்தால் மேலே போடுவதற்கு. பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கரண்ட் மெஷினில ஈரச் சாக்குப் போட்டா நெருப்பு அணையுமோ தெரியா, நீங்க அணைஞ்சிருவீங்க. இதுக்குத் தண்ணியில்லாத சிலிண்டர் வேணும், வாயு நிரப்பினது." இத்தனை மாதமாக நான் காவல் வைத்திருந்தது என் உயிருக்கு உலையாம். வாளியை அவசரமாக வெளியே இழுத்தேன். அவர் பக்கத்தில் வந்தார். தோளில் கை வைத்தார். "பயப்பட்டது நல்லம். வெச்ச சாமான்தான் பிழ."

அனுமதிக் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பென்சிலால் சரி போட்டார். கடைசியில் ஒரு வரி: தீயணைக்கும் சிலிண்டர் அறையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மையால் எழுத மாட்டார். வெள்ளிக்கிழமை அறிக்கை பணிப்பாளருக்குப் போக வேண்டும். அன்று செவ்வாய். பாடசாலைப் பணத்தில் வாங்குவதென்றால் மூன்று கடையில் விலை கேட்டு, குழு கூடி, காசோலை எழுதி முடிய மாதமாகும். அதிபர் அதைச் சொன்னார்.

"ஒழுங்க மாத்த எனக்கு ஏலா சேர். ஆனா பாடசாலக் காசில வாங்கோணுமெண்டு ஒழுங்கில இல்ல. அறையில இரிக்கோணுமெண்டுதான் இரிக்கு." ஓட்டமாவடியில் தனக்குத் தெரிந்த ஹாஜியாரின் இரும்புக் கடை ஒன்றை எனக்குச் சொன்னார். பிறகுதான் ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

அதிபரும் டீச்சரும் நானும் கையில் இருந்ததைச் சேர்த்தோம். புதன்கிழமை விடியுமுன்னே வெள்ளாப்பில் பஸ் ஏறினேன். வழி நெடுகப் பயம். கடை பூட்டியிருந்தால்? சிலிண்டர் இல்லையென்றால்? கடை திறந்திருந்தது. ஹாஜியார் நரைத்த தாடியோடு தராசுக்குப் பின்னால் இருந்தார்.

"நௌபர் சொன்ன ஆளா? சந்தனப் பொட்டுப் பள்ளிக்கூடமா?" என்றார். கதை எனக்கு முன்னே பஸ் பிடித்து வந்திருந்தது. "காசு இரிக்கா?"

"பாதிதான் இரிக்கு ஹாஜியார். மிச்சத்த நான் சம்பளத்தில..."

"அப்ப பாதியத் தாங்க. சாமான் முழுசாத் தாறன்."

சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நடத்துனர், "ஐயா, கேஸ் ஏத்த ஏலா" என்றான். நெருப்பை அணைக்கிறது தம்பி என்று விளங்கப்படுத்தினேன். அவன் யோசித்துவிட்டு, "அப்ப டிரைவருக்குப் பக்கத்தில இரிங்க, எஞ்சின் சூடாத்தான் இரிக்கு" என்றான். அப்படியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகம் போகுமுன், நௌபர் சேர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். வரத் தேவையில்லை, படம் எடுத்து அனுப்பினாலும் போதும் என்று அதிபர் சொல்லியிருந்தார். வந்து, சிலிண்டரைச் சுவரில் மாட்டியிருந்த உயரத்தைப் பார்த்து, சுகிர்தாவின் கை எட்டுகிறதா என்று அவளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டியது. மேசையில் கடிதத்தை விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "அனுமதிக்கப்பட்டது" என்று மையால் எழுதி ஒப்பம் வைத்தார். கணினிகளின் கடவுச்சொல்லைத் தன் கையாலேயே போட்டுத் திறந்துவிட்டார். அன்று இரண்டு கோப்பை தேநீர் குடித்தார், இரண்டும் சுடச்சுட.

அதிபர் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல அவருடைய அறைக்குப் போனேன். "என்னத்துக்கு? நான் வெச்சதத்தானே சொன்ன" என்று கோப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். என் பக்கம் திரும்பிய ஒரு பழியை மேலதிகாரி ஒருவர் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஒன்று எனக்குப் போதும்.

பிள்ளைகள் செய்த மடைக் கதவு மாதிரி மாகாண மட்டப் போட்டி வரை போனது. நான் ஓய்வு பெற்றேன். இயந்திரம் அதே அறையில் இருக்கிறது. தழும்பு விழுந்த ஆடியை மாற்ற வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்களாம், வேகத்தைக் குறைத்தே வெட்டுகிறார்கள்.

சிலிண்டரின் மிச்சக் காசைக் கட்ட நான் அதை வாங்கிய பிறகு வந்த முதல் சம்பளத்திலேயே ஓட்டமாவடிக்குப் போயிருந்தேன். கடன் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஹாஜியார் தேநீர் எடுப்பித்தார், அனுமதி கிடைத்த கதையை முழுவதும் கேட்டார், பொட்டு வந்த இடத்தில் தொடையில் அடித்துச் சிரித்தார். நான் நீட்டிய காசில் ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தார்.

"எல்லாத்தையும் தந்தா நீங்க மறுகா இந்தப் பக்கம் வருவீங்களா?"

"வருவன் ஹாஜியார்."

"வரமாட்டீங்க. எனக்கு மனிசரத் தெரியும். ஒவ்வொரு தாளா எடுத்துக்கு வாங்க."

அன்றிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். மனைவி மரவள்ளிக் கிழங்கோ முருங்கைக்காயோ கட்டித் தருவார். அவர்கள் வீட்டிலிருந்து இனிப்புக்குத் தொதல் வரும். பழைய மாணவர்கள் சிலிண்டர் காசையும் அனுப்பிவிட்டார்கள், பாடசாலை எனக்குத் தந்துவிட்டது, அது என் அலுமாரியில் கடித உறைக்குள் இருக்கிறது. முழுவதையும் எடுத்துப் போனாலும் ஹாஜியார் ஒரு தாள்தான் எடுப்பார். நோன்புப் பெருநாளுக்குப் போனபோது அந்த ஒன்றையும் எடுக்கவில்லை, பெருநாளன்று வியாபாரம் இல்லையாம். ஆக, இன்றைக்கு அவருக்கு நான் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.